முதுகுக்குப் பின்னால ஒரு போல்ட்டு

ஆளைச் சந்தேகப்படறது எனக்குச் சோறு திங்கிற மாதிரி. இதுல ஒளிச்சு என்ன ஆவப்போவுது? விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டுல ஒரு பொம்பளை தனியா நின்னு பதினோரு வருஷமா யூனிட் நடத்துறா. எதிர்ல வர்றவனை எல்லாம் நம்பிக்கிட்டிருந்தா என்னிக்கோ தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போயிருப்பேன். களிமண்ணு லாரிக்காரன் தண்ணி தெளிச்சு எடை காட்டுவான். சூளைக்காரன் நல்லாத் தூங்கி எழுந்து சூடு புடிச்சிடுச்சும்மாம்பான். நானே போயி ஓட்டையில எட்டிப் பாத்தாத்தான் உண்டு. பேரு நீலாவதி. என் யூனிட்டுல பண்றது ஃபியூஸ் கட்டையும், இஸ்திரிப்பெட்டிக்குள்ள கம்பி பாடியில படாம இருக்கறதுக்குப் போடற வெள்ளைப் பீங்கான் புஷ்ஷும். கரண்டைத் தடுக்கறதுதான் என் பொழப்பு.

என் வூட்டுக்காரரு கோதண்டபாணி கரண்டுலதான் போனாரு. ஐப்பசி மழையில, மண்ணு அரைக்கிற மில்லு பாடியில கை வெச்சாரு, அவ்ளோதான். அதுலேர்ந்து இரும்புல கரண்டு ஏறுதுன்னு யாராவது சொன்னா ஓடிப்போயி மெயினை அணைச்சுட்டுத்தான் மறுவேலை. புள்ளைங்க கெடையாது. இருக்கிறது ஒரே தம்பி, தமிழ்செல்வன். அவன் எனக்குத் தம்பி இல்ல, புள்ளை. அப்படித்தான் வளத்தேன்.

அவன் பெங்களூருல ஒரு ஃப்ளையிங் கிளப்பு ஒர்க்ஷாப்புல எட்டு வருஷம் மெக்கானிக்கா இருந்தான். 2006 பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போவல. எங்கயாவது பொண்ணு பாத்து வெச்சிருக்கான் போலன்னு நான் நெனச்சா, சொந்தமா ஒரு பிளேன் பண்ணப்போறேங்கா, பின்னாடி ஷெட்டு வேணும்கிறான். நான் சிரிச்சேன், அவன் சிரிக்கல. பழைய அச்செல்லாம் போட்டு வெச்சிருந்த ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்தேன். ஒண்ணேகால் வருஷம் அலுமினியக் குழாயை அறுத்தான், வளைச்சான், றெக்கைக்குத் துணி போத்தினான். ஒரே ஒரு ஆளு உக்கார்ற பிளேன். சீட்டுக்குப் பின்னால இஞ்சின், இஞ்சினுக்குப் பின்னால ஃபேன். எஸ்டேட்டே வந்து வேடிக்கை பாத்துட்டுப் போச்சு. வாய் கிழியச் சிரிச்சவனுங்ககூட இஞ்சின் வந்து ஒக்காந்த அன்னிக்கு வாயை மூடிக்கிட்டானுங்க.

வயரிங் வேலைதான் அவனுக்கு வராது. கிளப்புல அதுக்குத் தனியா ஒருத்தர் இருந்தாராம். அதுக்குன்னு ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வந்தான் பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பழமலை. பஸ் டிப்போவுல முப்பது வருஷம் எலக்ட்ரீசியனா இருந்து ரிட்டயர் ஆன ஆளு.

ஏன் பத்திக்கிச்சுன்னா, அந்தாளு பொண்டாட்டி ராஜாம்பாள் என்கிட்டத்தான் வேலை பாத்தா. முந்தின வருஷம் ஒரு நாளு இன்னும் சூளையில வேகாத பச்சைக் கட்டை அடுக்கின பலகையைக் கீழ போட்டுட்டா. எழுநூறு உருப்படி, தூள். நான் கத்தினேன். அவளும் பதிலுக்கு, பலகை உளுத்துப்போயிருக்குது, மாத்துங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்னா. எட்டுப் பேரு எதிர்ல என்னை எதுத்துப் பேசிட்டாளேன்னு அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். அவ புருசன் இப்ப என் தம்பி உக்காரப்போற எடத்துல வயரு இழுக்க வர்றான்னா, சும்மாவா வருவான்? தம்பிகிட்டச் சொன்னேன். பழமலை அண்ணன் அப்படிப்பட்டவரு இல்லக்கான்னான். எப்படிப்பட்டவன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டிருக்குது?

வந்த ஆளு மூணு நாளைக்கு வயரையே தொடல. ஸ்கூலு நோட்டு ஒண்ணை மடியில வெச்சுக்கிட்டு கோடு கோடாப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. டீ குடுக்கற சாக்குல நான் எட்டிப் பாத்தேன். செவப்புக் கோடு நாலா பக்கமும் போவுது. கருப்புக் கோடெல்லாம் திரும்பி வந்து ஒரே ஒரு புள்ளியில முடியுது. இது என்னன்னு கேட்டேன். எர்த்தும்மான்னாரு. வூட்டுல எர்த்துன்னா குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் பொதைப்போம், ஆகாசத்துல எங்க போயி குழி வெட்டறது, அதனால இதுக்குப் பஸ்ஸு மாதிரி பாடிதான் எர்த்துன்னாரு. விளக்குக்கோ மீட்டருக்கோ போற கரண்டு பாடி வழியாவோ கருப்பு வயரு வழியாவோதான் பேட்டரிக்குத் திரும்பி வரணுமாம். ஆளாளுக்கு ஒரு எடத்துல கட்டினா ரேடியோ கொர்ருங்கும், மீட்டரு பொய் சொல்லும், அதனால எல்லாத்துக்கும் ஒரே போல்ட்டாம்.

அந்தப் போல்ட்டு எங்கன்னு கேட்டேன். சீட்டுக்குப் பின்னாடிம்மான்னாரு.

அதாவது என் தம்பி முதுகுக்குப் பின்னால. மொத்தக் கரண்டையும் கொண்டாந்து இரும்புல வுட்டு, அந்த இரும்பு மேல என் தம்பியை உக்கார வெக்கப் போறாரு. பன்னெண்டு வோல்ட்டுதாங்கா, தொட்டாக்கூடத் தெரியாதுன்னு தம்பி சிரிச்சான். மில்லைத் தொடறப்ப எங்க வூட்டுக்காரருகூட சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு.

அடுத்தாப்புல அந்தாளு பண்ணினது இன்னும் மோசம். இஞ்சினு ரப்பர் கட்டை மேல ஒக்காந்திருக்குது. பாடியில படாம நல்லாத்தான் இருக்குது. பழமலை ஒரு கத்தியை எடுத்துப் பிரேமுல பெயிண்ட்டைப் பளபளன்னு சுரண்டி, கட்டை விரலு தடிமனுக்குச் செம்புல பின்னின பட்டை ஒண்ணை இஞ்சின்லேர்ந்து அந்தப் போல்ட்டுக்கு இழுத்து முடுக்கினாரு. படாம இருக்கறதை வேணும்னே பட வெக்கறாரு. எதுக்குன்னு கேட்டா, ஸ்டார்ட்டர் மோட்டாரு இழுக்கற கரண்டு திரும்பறதுக்கு இதாம்மா ரோடுன்னு சொல்லிட்டு, மேல கருப்பு டேப்பைச் சுத்திட்டாரு. மடியில கனமில்லேன்னா எதுக்குய்யா சுத்தி மூடணும்? ஈரம் படாம இருக்கறதுக்குத்தான் டேப்புன்னு இப்பத் தெரியுது. அப்ப யாரு கேட்டா?

மறுநாளு மதியம் ரெண்டு பேரும் சாப்பிடப் போன நேரத்துல நான் ஷெட்டுக்குள்ள போனேன். என் யூனிட்டுல பண்ற புஷ்ஷுலயே நல்லதா, கீறல் இல்லாததா ஒரு ஜோடி பொறுக்கி எடுத்துக்கிட்டேன். தொப்பி மாதிரி இருக்கும், போல்ட்டு நடுவுல நொழையும், சுத்தி எங்கயும் இரும்பு படாது. டேப்பைப் பிரிச்சேன், போல்ட்டைக் கழட்டினேன். அவரோட கருப்பு வயருங்களை அப்படியே வுட்டுட்டு, அந்தச் செம்புப் பட்டைக்கு மட்டும் அடியில ஒண்ணு, மேல ஒண்ணுன்னு புஷ்ஷைச் சொருகி முடுக்கி, பழையபடி டேப்பைச் சுத்திட்டேன். வெளியேர்ந்து பாத்தா பட்டை கட்டின மாதிரியே இருக்கும். இஞ்சின் கரண்டு இஞ்சினோட நிக்கும், தம்பி உக்கார்ற இரும்புக்கு வராது. கையைத் தொடைச்சுக்கிட்டு வெளிய வந்தப்ப, உண்மையைச் சொல்றேன், நிம்மதியா இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் தடவை இஞ்சினை ஓட்டிப் பாத்தாங்க. பிளேனை ஷெட்டு வாசல்ல நிறுத்தி, வாலைத் தூணோட கயித்தால கட்டிட்டாங்க. டீ டயம், வேலை பாக்கற எட்டுப் பேரும் வந்து நின்னாங்க. தம்பி உள்ள ஒக்காந்து ஸ்டார்ட்டரை அழுத்தினான். இஞ்சின் முக்குச்சு, மொனகுச்சு, மூணாவது வாட்டி புடிச்சுக்கிச்சு. ஆளுங்க கை தட்டினாங்க. தட்டின கை நிக்கறதுக்குள்ள, தம்பி இடது கையில புடிச்சிருந்த ஆக்சிலேட்டர் நெம்புகோலுகிட்டேர்ந்து பொகை. பிளாஸ்டிக் கருகற நாத்தம். அவன் நெம்புகோலைப் பின்னாடி இழுக்கறான், அது வரல. இஞ்சின் போடற சத்தம் ஏறிக்கிட்டே போவுது, கயிறு முறுக்கிக்கிட்டு நிக்குது, தூணு ஆடுது. சாவியைத் திருப்பி நிறுத்திட்டான். எறங்கினவன் உள்ளங்கை கொப்புளிச்சிருந்துச்சு.

இது மேல இருக்கறப்ப ஆயிருந்தா? நெனச்சது நெனச்ச மாதிரி ஆயிடுச்சேன்னு பழமலை மேல பாஞ்சேன்.

அவரு என்னைப் பாக்கவே இல்ல. நெம்புகோலுலேர்ந்து இஞ்சினுக்குப் போற, கருகின கம்பிக் கேபிளைத் தொட்டுப் பாத்துட்டு, கரண்டு இது வழியா வந்திருக்குது, அதுக்கு ரோடு இல்லாம போயிருக்குது, பட்டை எங்கயோ படல, போல்ட்டைக் கழட்டிப் பாக்கணும்னு ஸ்பானரை எடுத்தாரு. அந்தப் போல்ட்டைத் தொட வுட்டா என் புஷ்ஷை எடுத்துத் தூரப் போட்டுட்டு, மிச்சம் வெச்ச வேலையை முடிச்சுடுவாருன்னு எனக்குப் பயம். குறுக்கப் போயி நின்னுட்டேன்.

"பொண்டாட்டியை அனுப்பின ஆத்திரத்தை என் தம்பி உசுருல தீத்துக்கப் பாக்கறியா? கீழ வெய்யி அதை. வெளிய போ."

அதுவரைக்கும் அண்ணேன்னும் நீங்கன்னும் பேசின வாயி. எட்டுப் பேரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. பழமலை ஸ்பானரைக் கீழ வெச்சாரு. தம்பி மொகத்தை ஒரு வாட்டி பாத்தாரு. அவன் கையில தண்ணி ஊத்திக்கிட்டே தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பைகூட எடுக்காம அவரு நடந்தாரு.

அன்னிக்கு ராவும் சனிக்கெழமை பூராவும் தம்பியை விடாம ஓதினேன். அவனும் பாதி நம்பிட்டான். புதுக் கேபிள் போட்டான். பழசு சைலன்சர் பக்கத்துல போனதால சூடாயிருக்கும்னு சொல்லி இதைத் தள்ளிப் போட்டான். பழமலை போட்ட வயரை ஒண்ணு வுடாம மீட்டர் வெச்சுப் பாத்தான். இஞ்சினுக்கும் பிரேமுக்கும் நடுவுல வெச்சான், தொடுப்பு இருந்தாக் கத்தற மீட்டரு பீப்னு கத்துச்சு. எல்லாம் சரியாத்தாங்கா இருக்குதுன்னான். புஷ்ஷு வெச்சதை நான் சொல்லல. என் புஷ்ஷு மட்டும் இல்லேன்னா புள்ளை அன்னிக்கே கருகிப்போயிருப்பான்னு எனக்கு நானே மெடலு குத்திக்கிட்டேன். அந்த மீட்டரு கத்தினதே புதுக் கேபிள் வழியாத்தான். அது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ஞாயித்துக்கெழமை விடியறதுக்குள்ள றெக்கையை மடிச்சு, பிளேனை லாரியில ஏத்திக்கிட்டு, ரெண்டு சிநேகிதக்காரனுங்களோட திட்டக்குடி பக்கம் கெளம்பிட்டான். மே மாசம், வெலிங்டன் ஏரி காஞ்சு கட்டாந்தரையாக் கெடந்துச்சு. ஓட்டிப் பாத்துட்டு ஒரு பத்தடி எழும்பி எறங்குறேங்கா, ஒம்போது மணிக்கு எலுமிச்சஞ் சோறு எடுத்துக்கிட்டு வந்துடுன்னு சொல்லிட்டுப் போனான்.

ஏழு மணிக்கு ராஜாம்பாள் வந்து வாசல்ல நின்னா. உள்ள வரல. அவரு பையை எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேங்கன்னா. எடுத்தாந்து குடுத்தேன். வாங்கிக்கிட்டவ போவல. அவரு ராத்திரியெல்லாம் தூங்கலீங்க, அந்தப் பட்டை இரும்புல ஒக்காந்திருக்குதான்னு ஒரு வாட்டி பாத்துட்டுத் தம்பியை ஏறச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்னா. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. கரண்டு இரும்புல ஏறாம இருக்கறதுதான் நல்லது, அதுகூடவா உன் புருசனுக்குத் தெரியாதுன்னு கேட்டேன்.

அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. கோவமில்ல. பாவம்னு பாக்கற பார்வை.

"ஓட்டை போடாத பொம்மையைச் சூளையில வெச்சா என்னாவும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா, ஓனரம்மா? உள்ள போறது வெளிய வரணும். நீங்க வழி வுடலேன்னா அதுவே ஒடைச்சுக்கிட்டு வரும்."

தெரியாம இருக்குமா? கொலுவுக்குப் பொம்மை பண்ற நேரத்துல புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மொத நாளு நானே சொல்லிக் குடுக்கறது. உள்ள வெறுமையா இருக்கற பொம்மைக்கு அடியில ஒரு ஊசி ஓட்டையாவது போடணும், இல்லேன்னா காத்தும் ஈரமும் வெளிய வர வழியில்லாம சூளைக்குள்ளயே வெடிச்சு, பக்கத்துல இருக்கறதையும் சேத்து ஒடைக்கும். கரண்டுக்கு ரோடு இல்லன்னு பழமலை சொன்னப்ப மண்டையில ஏறாதது அந்த வாசப்படியில ஏறுச்சு. கரண்டை நான் தடுக்கல. தம்பி கையில புடிச்சிருக்கற கேபிள் வழியாப் போவ வெச்சிருக்கேன்.

தம்பிக்குப் போன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. யூனிட்டு வேன் ஓட்டற சுப்புராயனை எழுப்பி, குளிக்காத ஆளைக் குளிக்காமலே ஏத்திக்கிட்டுக் கெளம்பினேன். பெண்ணாடத்துல ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். கூட்ஸு வண்டி. பெட்டி பெட்டியா வந்துக்கிட்டே இருக்குது. அந்தக் கேட்டுல நின்னப்பத்தான், எங்க வூட்டுக்காரரு செத்தப்ப வந்த இன்ஸ்பெக்டரு சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு. மில்லுக்கு எர்த்தே குடுக்கலியேம்மா, குடுத்திருந்தா கரண்டு அவரு வழியாப் போயிருக்காதேன்னாரு. பதினோரு வருஷமா காதுல கெடந்த பேச்சு. பாடியில கரண்டுன்னு பாதியைப் புடிச்சுக்கிட்டு மீதியை நான் கேக்கவே இல்ல. கடைசிப் பெட்டி போறதுக்குள்ள அழுதுட்டேன்.

ஏரியில எறங்கறப்பவே இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. சுண்ணாம்புல கோடு போட்டு வெச்சிருந்தாங்க. கோட்டு முனையில பிளேன் நிக்குது, தம்பி உள்ள, ஹெல்மெட்டு மாட்டியாச்சு. வேனை நிறுத்தறதுக்குள்ள குதிச்சேன். வெடிச்ச மண்ணுல செருப்பு மாட்டி ஒரு கால்ல கழண்டுது, வுட்டுட்டு ஓடினேன். அவன் நகர ஆரம்பிச்சிட்டான். கோட்டு நடுவுல போயி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னேன். ஏத்திட்டுப் போனாலும் போவட்டும்னுதான் நின்னேன். நாப்பது அடி இருக்கறப்ப சாவியைத் திருப்பினான். உருண்டு வந்து என் முன்னால நின்னுச்சு. என்னக்கா, பைத்தியமான்னு கத்திக்கிட்டே எறங்கினான்.

"பட்டைக்கு அடியில புஷ்ஷு இருக்குதுடா. வெச்சது நான்தான்."

அவனுக்குப் புரியல. ரெண்டாவது வாட்டி சொன்னேன். பின்னாடி போயி டேப்பைக் கிழிச்சு, போல்ட்டைக் கழட்டினான். வெள்ளை வெளேர்னு ரெண்டும் அவன் உள்ளங்கையில விழுந்துச்சு, அந்தக் கொப்புளத்து மேலயே. அப்புறம் நெம்புகோலுகிட்டப் போயிப் புதுக் கேபிளை வெரலால தடவிப் பாத்தான். காலையிலேர்ந்து நாலு வாட்டி ஸ்டார்ட் பண்ணினதுக்கே மேலத்தோலு பழுப்படிச்சு இளகிப்போயிருந்துச்சு. அவன் சிநேகிதக்காரனுங்க ரெண்டு பேரும் தள்ளிப் போயி நின்னுக்கிட்டானுங்க.

திட்டுவான்னு நெனச்சேன். அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்னு நின்னேன்.

"நீ சொன்னியேன்னு அவரு போட்டதையெல்லாம் மூணு மூணு வாட்டி பாத்தேங்கா. உன் கை பட்டிருக்குமான்னு ஒரு வாட்டிகூட எனக்குத் தோணல."

றெக்கையை மடிச்சான், லாரியில ஏத்தினான். எலுமிச்சஞ் சோறு நான் எடுத்துக்கிட்டும் வரல, யாரும் கேக்கவும் இல்ல.

திரும்பற வழியில நேரா பழமலை வூட்டுக்குப் போனேன். ஒத்தைச் செருப்போட. நடந்ததைச் சொன்னேன். மன்னிச்சுடுங்கண்ணேன்னேன். புள்ளை நல்லா இருக்குதான்னு கேட்டாரு. இருக்குதுங்கன்னேன். அப்புறம், என்னை வெளிய போன்னு சொன்னப்ப எட்டுப் பேரு இருந்தாங்கம்மா, இதையும் அவங்க இருக்கறப்பவே சொல்லிடுங்க, நான் வேலைக்கு வரேன்னாரு. ராஜாம்பாளையும் வரச் சொல்லுங்கன்னேன். அதை அவகிட்டத்தான் கேக்கணும்னாரு. அவ இன்னி வரைக்கும் வரல.

திங்கக்கெழமை காலையில எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, வெச்சது நான்தான், பழமலை அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொன்னேன். சூளைக்காரன் மட்டும் மேலயும் கீழயுமா என்னைப் பாத்தான். பாக்கட்டும்.

பழமலை வந்தாரு. மறுபடியும் பெயிண்ட்டைச் சுரண்டி, பட்டையைப் போட்டு, கேபிளைக் கழட்டி வெச்சுட்டு மீட்டரை வெச்சு, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாரு. சாயங்காலம் நான் டீ எடுத்துக்கிட்டுப் பின்னாடி போனப்ப ஷெட்டு பூட்டியிருந்துச்சு. புதுப் பூட்டு. தம்பி ஒரு சாவியைப் பழமலைகிட்டக் குடுத்துட்டு, இன்னொண்ணைத் தன் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டிருந்தான். நான் நிக்கறதை ரெண்டு பேரும் பாத்தாங்க.

என் எடம், என் ஷெட்டு, எனக்கு ஏன்டா சாவி இல்லன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அவன் எடத்துல நான் இருந்தாலும் பூட்டித்தான் இருப்பேன்.